எண்ணிப் பார்த்ததால் தப்பிய உயிர்கள்

கோப்பாய்ப் பகுதியில் ஒரு பெண் கருவுற்றால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவார். பெயரைப் பதிவார், கிளினிக் நாளைச் சொல்வார், பிள்ளை பிறந்த பின்னும் வந்து பார்ப்பார். இன்று யாரும் வியக்காத வழக்கம் இது. இதன் வரலாற்றைப் பேசும்போது வைத்தியரின் திறமையையும் தாதியரின் கருணையையும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் பராமரிப்பில் இருக்கும்போதே நோயாளிக்கு நேரும் கேட்டைக் குறைத்ததில் பெரும்பங்கு வேறொன்றுக்கு உண்டு: நேர்ந்ததை மறைக்காமல் எழுதி, எண்ணி, காரணம் தேடிய பழக்கம்.

1847 ஒக்டோபரில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். அதே ஆண்டு மே மாதம் வியன்னா வைத்தியசாலையில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு பிள்ளைப்பேற்று வாட்டுகள். ஒன்றில் வைத்திய மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சிகள். தாய்மார் கூடுதலாக இறந்தது படித்தவர்கள் கைவைத்த வாட்டில்! பிணம் அறுத்த கையோடு அவர்கள் பேறு பார்க்க வந்ததே காரணம் என்று அவர் கண்டார். குளோரின் கரைசலில் கைகழுவ வைத்ததும், ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு ஜூலையில் ஒன்றளவுக்கு இறங்கியது. தாதியத்தின் முன்னோடி நைற்றிங்கேலும் 1871இல் பேற்று விடுதிகளின் இறப்புக் கணக்கைத் திரட்டி, வீட்டுப் பேற்றைவிட அங்கே ஆபத்து அதிகம் என்று காட்டினார். நமது ஊர் மருத்துவச்சியை அறியாமையின் உருவமாகவே நினைத்துப் பழகியவர்கள் இந்த இரண்டு கணக்கையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். கிறீன் மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கினார். 1857இல் பிரசவ வைத்திய நூலொன்றையும் தமிழில் தந்தார். மகத்தான பணி. ஆயினும் என்ன செய்ய வேண்டும் என்பதை நூல் சொல்லும். நேற்று இரவு இந்த வீட்டில் என்ன பிழைத்தது என்பதைப் பதிவேடுதான் சொல்லும்.

அந்தப் பதிவேடு கிராமத்துக்கு வந்த வழி 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து புறப்படுகிறது. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950 அளவில் அது ஐந்நூற்றுச் சொச்சமானது. அண்மைக் காலத்தில் முப்பதை ஒட்டி நிற்கிறது. மலேரியா ஒழிப்பும் பெனிசிலினும் பெண்கல்வியும் செய்ததைப் பதிவேட்டின் கணக்கில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நாற்பதுகளின் பிற்பகுதியில் கண்ட செங்குத்தான வீழ்ச்சியில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் மலேரியா ஏறத்தாழ ஒழிந்த பிறகும் இறப்பு இறங்கிக்கொண்டே வந்தது. இரத்தப்போக்கில் கிடக்கும் தாயைப் பெனிசிலின் காப்பாற்றாது. அவள் நேரத்துக்கு வைத்தியசாலை சேர வேண்டும். தாமதம் வீட்டிலா, வீதியிலா, வாட்டிலா என்று ஒவ்வொரு மரணத்தையும் எடுத்து ஆராயும் முறை 1959 முதல் வளர்ந்தது; 1985இல் தாய்மரணத்தை அறிவிப்பது கட்டாயமாயிற்று.

எழுதி வைத்தால் கடைசியில் மாட்டுவது இராக்கடமையில் தனியே நின்ற தாதிதானே என்பது இன்னொரு மறுப்பு. இந்த அச்சம் நியாயமானது, இலேசாகத் தள்ளக்கூடாதது. யார் குற்றம் என்று மட்டும் கேட்கும் விசாரணை, அடுத்த முறை எல்லோரையும் வாய்மூட வைக்கும். ஏன் நேர்ந்தது என்று கேட்டால்தான் ஆள் பற்றாக்குறையும் வராத வாகனமும் கையிருப்பில் இல்லாத இரத்தமும் வெளிவரும். ஊரடங்கும் மூடிய வீதியும் யாழ் குடாநாட்டை முடக்கிய போர் ஆண்டுகளில் ஒரு தாய் இறந்திருந்தால், குடும்பநல உத்தியோகத்தரைத் தண்டிப்பதால் அடுத்த தாய் பிழைத்திருப்பாளா?

தாய்மரணத்துக்குக் காட்டிய இந்த அக்கறை படுக்கைப்புண்ணுக்கும், கட்டிலிலிருந்து விழும் முதியவருக்கும், மாறிக் கொடுபடும் மருந்துக்கும் கிடைக்க வேண்டும். உங்கள் வீட்டு முதியவரை வாட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் நீங்களானால், முதுகில் தோல் சிவந்ததைக் கண்ட அன்றே தாதியிடம் சொல்லுங்கள், குறிப்பில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.