நூலுக்கு ஆடை

தமிழில் ‘நூல்’ என்னும் ஒரே சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பஞ்சிலிருந்து இழை நூற்பதையும் சொல்லிலிருந்து நூல் இயற்றுவதையும் பவணந்தி முனிவர் நன்னூலில் ஒப்பிட்டுக் காட்டியதைத் தமிழாசிரியர் நன்கறிவர். இவ்வொப்புமை கருத்தளவில் மட்டுமன்றிக் கைத்தொழிலிலும் உண்மையாகும். தாள்களைச் சிதறாமல் ஒன்றாக நிறுத்துவது இழை. அவற்றைப் போர்த்திக் காப்பது துணி. துணி போர்த்திய புத்தகம் அரண்மனையிலிருந்து எளியோர் இல்லத்திற்கு வந்த வரலாறு இங்கிலாந்தில் தெளிவாகக் காணப்படுகிறது.

1544ஆம் ஆண்டின் இறுதியில், பதினொரு வயதே ஆகியிருந்த இளவரசி எலிசபெத், தம் சிற்றன்னை கேத்தரின் பார் அரசியாருக்குப் புத்தாண்டுப் பரிசாக ஒரு கையெழுத்து ஏட்டை அனுப்பினார். நவார் நாட்டு அரசி மார்கரெட் பிரெஞ்சு மொழியில் பாடிய சமயப் பாடலை ஆங்கில உரைநடையில் தாமே பெயர்த்து எழுதிய ஏடு அது. அதன் உறை நீலத்துணி. வெள்ளி இழையால் பின்னற்கோலம் இட்டு, நடுவே அரசியாரின் பெயர் முதலெழுத்துகளும் மூலைகளில் சிறு பூக்களும் அமைத்துத் தைக்கப்பட்டது. இத்தையல் வேலையும் இளவரசியின் கைவண்ணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அடுத்த ஆண்டு, அரசியார் தொகுத்த வழிபாட்டுரைகளை மூன்று மொழிகளில் பெயர்த்துத் தம் தந்தை எட்டாம் ஹென்றிக்கு அளித்தார். அதன் உறை செந்நிறத் துணி. முன்னது ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்திலும் பின்னது இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

அக்காலத்தில் துணியுறை செல்வர்க்கே உரியது. பட்டும் வெல்வெட்டும் பொன்னிழையும் ஏழைகள் கைக்கு எட்டுமா? ஏனைய புத்தகங்களுக்குத் தோலே உறையாயிற்று. தோலும் மலிவானதன்று. ஆதலால் 18ஆம் நூற்றாண்டிலும் பல புத்தகங்கள் தைத்த தாள்களாகவோ, தாள் ஒட்டிய எளிய அட்டையுடனோ விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் தம் வசதிக்கேற்பத் தனியே தோலுறை இடச் செய்துகொண்டார். வசதியற்றவரின் புத்தகம் சில ஆண்டுகளில் முதுகு கிழிந்து குலைந்தது.

இந்நிலையை மாற்றியது பருத்தி. பருத்தித் துணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் காலிகோ என்னும் பெயர், அத்துணி கப்பலேறிய கோழிக்கோட்டுத் துறைமுகத்தின் பெயரிலிருந்து பிறந்தது. இந்தியத் துணியின் செல்வாக்கைக் கண்டு அஞ்சிய ஆங்கில நெசவாளர் முறையிட்டதன் பயனாக, அச்சிட்ட பருத்தித் துணிகளைத் தடுக்கும் சட்டங்கள் 1700ஆம் ஆண்டிலும் 1721ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. பின்னர் இங்கிலாந்தின் ஆலைகளே பருத்தியை நெய்து குவித்தன, துணி மலிந்தது.

1820களில் வில்லியம் பிக்கரிங் என்னும் பதிப்பாளர் தம் புத்தகங்களுக்குப் பருத்தித் துணியுறை இடலானார். ஆனால் ஓர் இடையூறு இருந்தது. அட்டையில் ஒட்டும்போது பசை துணியின் கண்கள் வழியே கசிந்து மேலே கறையாகப் படிந்தது. ஆர்ச்சிபால்டு லெய்ட்டன் என்னும் புத்தகக் கட்டுநர் சாயமிட்ட துணியில் கஞ்சி ஏற்றி அக்கண்களை அடைத்தார். இவ்வெளிய உத்தியால் துணியுறை தொழிலாக வளர்ந்தது. 1830களில் அதன்மேல் பொன்னெழுத்துப் பொறிக்கும் முறையும் பரவிற்று. பிற்காலத்தில் தமிழ்ப் பதிப்பாளர்கள் ‘காலிகோ பைண்டு’ என விளம்பரம் செய்தபோது, கோழிக்கோட்டின் பெயர் உலகைச் சுற்றித் தமிழ்ப் புத்தகத்தின் மேலேயே வந்தமர்ந்தது எனலாம்.

எனினும், மலிவுக்கு ஒரு விலை உண்டு. உறையைத் தனியே செய்து ஒட்டும் முறை வந்தபின், கண்ணுக்குத் தெரியும் துணிக்குக் கிடைத்த கவனம் தெரியாத தையலுக்குக் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூலுக்கு மாறாகக் கம்பியால் தைக்கும் இயந்திரங்களும் வந்தன. ஈரக்காற்றில் கம்பி துருவேறித் தாளை அரித்தது. மேலே அழகிய துணி. உள்ளே உதிரும் தாள்.

இப்போக்கை எதிர்த்து எழுந்தோருள் ஒருவர் கோப்டன்-சாண்டர்சன். வழக்கறிஞராயிருந்த அவர் அத்தொழிலை விட்டுப் புத்தகம் கட்டக் கற்றார். 1893இல் டவ்ஸ் என்னும் கட்டடக்கூடத்தை நிறுவினார். அங்குப் பயின்ற டக்ளஸ் காக்கரெல் 1901இல் புத்தகக் கட்டுமானம் பற்றி எழுதிய கைந்நூல் பலரையும் இக்கலைக்கு ஆளாக்கியது. உறுதியான தையலே முதல் என்பது அவர்கள் வற்புறுத்திய கொள்கை.

வீட்டில் ஒரு குறிப்பேடு கட்டுவோர் இவ்வரலாற்றைத் தம் கைகளால் மீண்டும் நடத்துகின்றனர். நான்கு தாள்களை நடுவே மடித்து ஒன்றனுள் ஒன்று செருகினால் 16 பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதி ஆகும். தாளின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக இருத்தல் வேண்டும். இன்றேல் ஏடு விறைத்து நிற்கும். மடிப்பில் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் தொகுதிகளை ஒன்றோடொன்று பிணைத்து, குறுக்கே நாடாக்களை வைத்துத் தைக்க வேண்டும். முதுகில் பசை தடவி மெல்லிய துணி ஒட்டிக் காயவிட வேண்டும். உறைக்குப் பழைய சேலைத்துணியே போதும். ஆனால் அதன் பின்புறம் மெல்லிய தாளை முதலில் ஒட்டிக்கொள்ளாவிட்டால் பசை கசிந்து துணியைக் கெடுக்கும். லெய்ட்டன் கஞ்சியால் தீர்த்த அதே இடையூறு இதுவாகும். துணியை அட்டைகளின் மேல் இழுத்து ஒட்டி, ஓரங்களை உள்ளே மடித்து, ஏட்டின் முதல் தாளையும் கடைசித் தாளையும் அட்டைகளின் உட்புறத்தில் ஒட்டி, ஓரிரவு பளுவின் கீழ் வைத்தால் வேலை முற்றும்.

அவ்வாறு கட்டிய ஏடு விரித்தால் படிந்து கிடக்கும். பல்லாண்டு புரட்டினும் தாள் உதிராது. ஆசிரியர் ஒருவர் ஆண்டுதோறும் சேர்த்துவைக்கும் பாடக்குறிப்புக்கும், மாணவர் முதன்முதலாக எழுதிப்பார்க்கும் பாட்டுக்கும் அத்தகைய ஏடு தகும். காண்போர் துணியைப் பாராட்டுவர். ஏட்டைக் காத்துநிற்பதோ உள்ளே மறைந்திருக்கும் இழை. இழைக்கும் ஏட்டுக்கும் ஒரே பெயரிட்ட தமிழ் இவ்வுண்மையை என்றோ சொல்லிவைத்தது.