சில்கட் ஆற்றுப் பறவைப் படப்பிடிப்பும் டிலிங்கிட் குலச்சின்னங்களும்

சில்கட் ஆறு அலாஸ்காவின் தென்கிழக்கில், ஹெய்ன்ஸ் நகரருகே கடலில் கலக்கிறது. பறக்கும் வெண்தலைக் கழுகைப் படமெடுக்க விரும்புவோர் இலையுதிர்காலக் கடைசியில் தேடிவரும் இடம் இது. இந்நிலம் டிலிங்கிட் தொல்குடியினருடையது. கழுகுகள் கூடும் திட்டுகளை ஒட்டியே அவர்களது குளுக்வான் கிராமம் இருக்கிறது. இங்கே கேமராவுக்குள் அதிகம் வரும் கழுகு, அண்டங்காக்கை ஆகிய இரண்டும் டிலிங்கிட் சமூகத்தின் இரு பெரும் பிரிவுகளுக்குப் பெயர் தந்தவை.

கழுகுகள் இங்கே திரள்வதற்குக் காரணம் நிலத்தடி நீர். கிளையாறான சிர்க்கு கொண்டுவந்து குவித்த சரளைப் படிவம் கோடை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் மெல்லக் கசியவிடுகிறது. அதனால் சுற்றுவட்டாரம் உறைந்த பின்னும் ஆற்றின் ஒரு பகுதி உறைவதில்லை. காலம் தாழ்த்தி முட்டையிட வரும் சால்மன் மீன்கள் அங்கே இறந்து கரை ஒதுங்குகின்றன. நவம்பரில் 3,000-க்கும் மேற்பட்ட கழுகுகள் கூடுவதுண்டு. 1982-இல் சுமார் 19,400 ஹெக்டேர் பரப்பு கழுகுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு பறவைகள் இருந்தும் நல்ல படம் எளிதில் அமைவதில்லை. முதல் சிக்கல் ஒளி. ஏறக்குறைய 59 பாகை வட அகலாங்கில், நவம்பர் நடுவில் பகல் ஏழு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். பெரும்பாலும் வானம் மூடியிருக்கும். சிறகு நுனி துலங்க வினாடியில் 2,000-இல் ஒரு பங்கு அளவு ஷட்டர் வேகம் தேவைப்படுவதால் ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தாமல் முடியாது. படத்தில் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை என்று துணிபவரே இங்கே பிழைக்கிறார். அடுத்தது பின்னணி. ஒரே பறப்பில் கழுகு பனித்திட்டு, கரும்பச்சைக் காடு, சாம்பல் வானம் என மூன்றையும் கடக்கும். கேமராவின் தானியங்கி ஒளி அளவீடு ஒவ்வொன்றுக்கும் ஏமாறி, காட்டின் முன் வெண்தலையை வெளுக்கவைத்துவிடும். பனியின் முன் உடலைக் கரிக்கட்டையாக்கிவிடும். ஆகவே அனுபவசாலிகள் தலையின் வெண்மை கெடாத அளவுக்கு ஒளியமைப்பைக் கையால் பூட்டிவிட்டுப் பின்னணியைப் பொருட்படுத்துவதில்லை.

பறவையின் கண்ணைத் தானே பின்தொடரும் இன்றைய ஃபோகஸ் வசதி பாதி வேலையைக் குறைத்துவிட்டது. மீதிப் பாதிக்குப் பறவையைப் படிக்கத் தெரிய வேண்டும். கழுகு காற்றை எதிர்த்தே எழும், எதிர்த்தே இறங்கும். எனவே காற்று முதுகில் படும்படி நிற்பவருக்கு அதன் முகம் கிடைக்கும். கிளம்பும்முன் பெரும்பாலும் முன்னே குனியும், எச்சமிடும். மீனுக்காக மோதிக்கொள்ளும்போதுதான் கால்நகங்கள் நீட்டிய படங்கள் அமைகின்றன. தலை வெளுக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை பழுப்பாக இருக்கும் இளம் கழுகுகளைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இது நட்டமே, சண்டையில் அவை சளைத்தவை அல்ல. மீனை விட்டு விரட்டப்படும் கழுகு குளிர்காலத்துக்கான ஆற்றலை வீணே செலவழிக்க நேர்வதால், ஆற்றுத் திட்டுகளில் இறங்காமல் சாலையோரத்திலேயே நிற்கும்படி பார்வையாளர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

அண்டங்காக்கையைப் படமெடுப்பது இதைவிடக் கடினம். கருமையில் விவரம் தெரியாது. பக்கவாட்டு ஒளி பட்டால்தான் நீலமும் ஊதாவும் மின்னும். ஆனால் அது விளையாட்டாக வானில் மல்லாந்து உருளும். அந்தக் கணத்துக்காகக் கழுகையே விடலாம்.

அந்தக் குறும்பு டிலிங்கிட் கதைகளில் உலகையே மாற்றியது. நாஸ் ஆற்றின் தலைப்பகுதியில் ஒரு செல்வர் ஒளியைப் பெட்டிகளில் பூட்டி வைத்திருந்தார். காக்கை ஓர் ஊசியிலைத் துணுக்காக மாறி, அவர் மகள் குடிக்கும் நீரில் விழுந்து, அவள் வயிற்றில் பேரனாகப் பிறந்தது. அழுது அடம்பிடித்துப் பெட்டிகளை வாங்கி நட்சத்திரங்களையும் நிலவையும் புகைத்துளை வழியே விடுவித்தது. கடைசியில் பகலையும் திறந்துவிட்டது. இந்தக் காக்கை வழிபடு தெய்வம் அல்ல. தன் பசிக்காகவும் ஆசைக்காகவும் ஏமாற்றித் திரிந்து, போகிற போக்கில் உலகைச் சீர்செய்வது அது.

சமூக அமைப்பில் காக்கையும் கழுகும் ஒன்றுக்கொன்று ஈடு. கழுகுப் பிரிவை ஓநாய்ப் பிரிவு என்றும் சொல்வதுண்டு. பிள்ளைகள் தாயின் பிரிவைச் சேர்வார்கள். திருமணம் மரபுப்படி எதிர்ப்பிரிவில்தான். ஒருவர் இறந்தால் எதிர்ப்பிரிவினர் காரியங்களைச் செய்துதருவார்கள், பின்னர் கு.ஈக் என்ற பெருவிருந்தில் அவர்களுக்குக் கொடைகள் வழங்கப்படும். கழுகின் மென்தூவியைத் தூவுவது சமாதானத்தின் அடையாளம்.

ஒவ்வொரு பிரிவிலும் பல குலங்கள் உண்டு. குலச்சின்னமும் அதன் பாட்டும் கதையும் செதுக்கிய பொருளும் அட்.ஊவ் எனப்படும் குலச் சொத்து. தனியொருவர் அதை விற்க முடியாது; வேறு குலத்தார் அனுமதியின்றிப் பயன்படுத்தவும் கூடாது. குளுக்வானின் திமிங்கில வீட்டிலிருந்து 1984-இல் வெளியே கொண்டுபோகப்பட்ட செதுக்குத் தூண்களையும் பலகைத் திரையையும் திருப்பித்தருமாறு கிராமத்தின் பழங்குடி நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது. வானில் பறக்கும் கழுகை எவரும் படமெடுக்கலாம். கம்பத்திலும் ஆடையிலும் உள்ள கழுகு அப்படியல்ல. அதைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாத பயணி படத்தை விற்கும்போது சிக்கலில் மாட்டலாம்.

அரசின் கண்ணில் கழுகு எப்போதும் மதிப்புடையதாக இருந்ததில்லை. சால்மனைத் தின்கிறது என்ற புகாரால் 1917 முதல் 1953 வரை அலாஸ்காவில் கழுகைக் கொன்றால் பரிசுத்தொகை கிடைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டன. இன்று கீழே கிடக்கும் இறகை எடுத்து வைத்துக்கொள்வதே அமெரிக்காவில் குற்றம். சடங்குக்கு இறகு வேண்டும் பழங்குடியினர் கொலராடோவிலுள்ள தேசியக் கழுகுக் களஞ்சியத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

கடற்பறவைகளை விரும்புவோர் தெற்கே பனியாற்று விரிகுடாவுக்குச் செல்கிறார்கள். அங்குள்ள தென் மார்பிள் தீவில் கிட்டிவேக் என்னும் சிறு கடற்காகம் கூட்டமாக இனப்பெருக்கம் செய்கிறது. ஹூனா பகுதியின் தக்தேன்தான் குலத்துக்கு அதுவே சின்னம். ஆடும் படகில் முக்காலி உதவாது, கையில் ஏந்திய லென்ஸ்தான் பயன்படும். இத்தீவுகளில் கடற்காக முட்டை சேகரிப்பது ஹூனா மக்களின் பழைய வழக்கம். தேசியப் பூங்கா விதிகளால் நின்றுபோயிருந்த அதற்கு, 2014-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் மீண்டும் வழிசெய்தது.