குடமும் பார்கோடும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் அந்தக் கல்வெட்டுச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். போகாதவர்களும் குடவோலை முறை பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட சபை விதிகள் அவை. எல்லோரும் அதைத் தேர்தலின் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது தேர்வு நடத்தும் விதிமுறைப் புத்தகமாகவே படுகிறது.

முதலில் தகுதி. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள். ஒரு வேதமும் ஒரு பாஷியமும் கற்று விளக்கத் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலியே போதும். படிப்புக்கு நிலத்தில் பாதி தள்ளுபடி! கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. (அது பிராமணர் சபை, ஊரில் மற்றவர்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

பிறகு குடம். நம்பிமார் அத்தனை பேரும் சபை நடுவில் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுப்பான். அவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். அவர் வாசித்ததை நம்பிமார் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும்.

விரலை ஏன் விரிக்க வேண்டும்? மடக்கிய விரலுக்குள் இன்னோர் ஓலை இருக்கலாமே! வங்கிகளுக்குக் கணினி வந்தபோதும் இதே சந்தேகம்தான். பதிவு செய்பவர் ஒருவர், அனுமதிப்பவர் வேறொருவர் என்று வைத்தார்கள்.

நம் பிள்ளைகள் எழுதும் பொதுத்தேர்விலும் இது வந்துவிட்டது. விடைத்தாளின் முகப்பில் மாணவர் புகைப்படமும் பார்கோடும் இருக்கும். திருத்துபவரிடம் தாள் போகும்போது பெயரோ பதிவெண்ணோ போகாது. திருத்திய பிறகு பிளஸ் 2 மாணவர் கட்டணம் செலுத்தித் தன் விடைத்தாள் நகலையே வாங்கிப் பார்க்கலாம். இதைத்தான் நான் விரித்த கை என்பேன்.

கை மூடியிருந்தால் எந்த இயந்திரமும் உதவாது. 2019ல் நடந்த குரூப் 4 தேர்வை நினைத்துப் பாருங்கள். ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிலர் மறையும் மையால் விடை குறித்தார்கள். தாள்கள் போகும் வழியில் வேறு கைகள் சரியான விடைகளைக் குறித்தன. ஓ.எம்.ஆர். இயந்திரம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை விழுந்தது.

சின்னக் குழந்தைகளின் விஷயம் வேறு. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 2022 ஜூனில் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒவ்வொரு குழந்தையும் அரும்பா, மொட்டா, மலரா என்று ஆசிரியர் கண்டறிந்து செயலியில் ஏற்ற வேண்டும். செயலி வேலையே பாடநேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் புகார் சொல்லிவருகின்றன. அதில் நியாயம் இருக்கிறது. கற்பிப்பவரே மதிப்பிட்டு அவரே ஏற்றுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆறு வயதுக் குழந்தைக்குப் பார்கோடு எதற்கு? ஆனால் அந்தப் பதிவு யார் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் கேள்வி. மேலே இருக்கும் அதிகாரிக்குத் தெரிந்து, குழந்தையின் அம்மாவுக்குத் தெரியாமல் போனால், குடத்தைச் சபைக்குத் தூக்கிக் காட்டவில்லை என்றுதான் அர்த்தம்.

நம் குடியிருப்பில் வேலை செய்பவர்கள் பலரின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். உங்கள் பிள்ளை அரும்பா, மொட்டா என்று டீச்சரிடம் கேட்டீர்களா என்று அவர்களிடம் விசாரியுங்கள். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடு இருக்கிறது; ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால் அந்தக் கட்டம் வெறும் கறுப்புக் கட்டம்தான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாயங்காலம் பிள்ளையை நம் சங்க அறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே வைஃபை இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் நானும் இருப்பேன்.