பறவைக் கருவில் பால் வேறுபாடு: ஆய்வு வரலாறு

பறவைக் கருவின் இனப்பெருக்கச் சுரப்பி விந்தகமாகவோ சூலகமாகவோ மாறுவது பற்றிய ஆய்வு பெரும்பாலும் கோழி முட்டையில் வளர்ந்த துறை. முட்டை 21 நாளில் பொரியும். ஓட்டில் சிறு துளையிட்டு மருந்தைச் செலுத்தி, துளையை மூடி மறுபடி அடைக்கு வைத்தால் கரு தொடர்ந்து வளரும். தாய் வயிற்றில் வளரும் கருவில் இவ்வளவு எளிதாகக் கைவைக்க முடியாது.

நான்காம் நாளளவில் மெல்லிய மேடாகத் தோன்றும் இச்சுரப்பி, ஆறாம் நாள்வரை இரு பாலிலும் ஒன்றுபோலவே இருக்கும். பிறகு சேவலில் இரு பக்கமும் விந்தகமாகிறது. பெட்டையில் இடப்பக்கம் மட்டுமே சூலகமாகிறது, வலப்பக்கம் குன்றிவிடும்.

பால் மாறிய கோழிகள் நெடுங்காலமாக மனிதரை மிரட்டியிருக்கின்றன. 1474இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் முட்டையிட்டதாக ஒரு சேவலை விசாரித்து எரித்தார்கள். விளக்கம் கிடைக்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான். பிரான்சின் ஜாக் பென்வா 1923இல் இளம் பெட்டைகளின் இடச் சூலகத்தை நீக்கினார். குன்றிக் கிடந்த வலச் சுரப்பி விந்தகமாக வளர்ந்தது. 1935இல் எட்டியன் வோல்ஃபும் கிங்லிங்கரும் முட்டைக்குள் பெண் ஹார்மோனைச் செலுத்த, ஆண் கருக்களின் சுரப்பி பெண்தன்மை பெற்றது. பறவையின் பாலை ஹார்மோனே தீர்மானிக்கிறது என்ற கருத்து அன்று வேரூன்றியது.

ஒரே நாளில் அடைவைத்த முட்டைகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. 1951இல் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் கோழிக்கருவின் வளர்ச்சியை 46 நிலைகளாக வகுத்த பின்பே வெவ்வேறு ஆய்வுக்கூடங்களின் முடிவுகளைச் சரியாக ஒப்பிட முடிந்தது. கருவின் மரபுப் பாலைக் காட்டுவது குரோமோசோம்கள்: சேவலுக்கு இரு இசட் குரோமோசோம்கள்; பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. சுரப்பியின் தோற்றம் மாறினாலும் கருவின் மரபுப் பாலைக் கண்டறிய டிஎன்ஏ சோதனை பின்னர் உதவியது.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் நொதி அரோமடேஸ். 1992இல் எல்பிரெக்டும் ஸ்மித்தும் அதைத் தடுக்கும் மருந்தை முட்டையில் செலுத்தினர். மரபில் பெட்டையான கருக்களில் விந்தகங்கள் வளர்ந்தன.

ஆனால் அந்த நொதியை இயக்குவது எது? 2009இல் மெல்போர்னில் கிரெய்க் ஸ்மித் குழு, இசட் குரோமோசோமிலுள்ள டிஎம்ஆர்டி1 மரபணுவின் செயலை ஆண் கருக்களில் குறைத்தது. அரோமடேஸ் தலைதூக்கியது, சுரப்பி பெண்தன்மை அடைந்தது. இத்துறையின் திருப்புமுனை இதுவே எனலாம். மறு ஆண்டு எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனத்தார், ஒரு பாதி சேவலாகவும் மறு பாதி பெட்டையாகவும் இருந்த கோழிகளை ஆராய்ந்தனர். உடல் முழுதும் ஓடுவது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன்கள். ஆயினும் இரு பாதிகளும் வேறுபட்டே நின்றன. ஒவ்வொரு செல்லும் தன் பாலைத் தானே அறிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று அரிது. ஹார்மோனை மட்டும் நம்பிய பழைய கருத்து இங்கே உடைந்தது.

2021இல் ரோஸ்லின் குழு கிரிஸ்பர் எனும் மரபணுத் திருத்த முறையில் டிஎம்ஆர்டி1இன் ஒரு பிரதியை முடக்கியது. இரு இசட் கொண்ட கருவில் விந்தகத்துக்குப் பதில் சூலகம் உருவானது. வளர்ந்த பறவையோ கொண்டையும் இறகுமாகப் பார்வைக்கு முழுச் சேவல். சாதாரணப் பெட்டைக் கருவில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தபோது சுரப்பி பெரும்பாலும் விந்தகம் போலானது. ஆனால் டிஎம்ஆர்டி1 அறவே இல்லாத பெட்டைக் கருவில், ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தும் அது சூலகமாகவே வளர்ந்தது.