டெஃப்லான் இடுப்பு

வீட்டில் நான்-ஸ்டிக் தவா இருக்கிறதா? தோசை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வருகிறதே, அதற்குக் காரணமான பூச்சின் பெயர் டெஃப்லான். 1950-களின் கடைசியில் இங்கிலாந்தில் ஒரு டாக்டர் இதே டெஃப்லானைக் கிண்ணம் மாதிரி கடைந்து, ஏறத்தாழ 300 பேரின் இடுப்புக்குள் வைத்துத் தைத்தார். இரண்டு மூன்று வருடத்தில் அத்தனையும் கெட்டுப்போக ஆரம்பித்தது.

அவர் பெயர் ஜான் சார்ன்லி. கூத்து என்னவென்றால், இன்று உலகம் முழுக்க நடக்கும் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் தந்தை என்று சொல்லப்படுபவரும் இதே சார்ன்லிதான்.

சார்ன்லி 1911-ல் லங்காஷயரில் உள்ள பரி என்ற ஊரில் பிறந்தார். அப்பா மருந்துக்கடைக்காரர், அம்மா நர்ஸ். மான்செஸ்டரில் மருத்துவம் படித்து, இரண்டாம் உலகப்போரில் ராணுவ டாக்டராக எகிப்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் சும்மா இருக்கமாட்டார்கள் என்று சிலரைச் சொல்வோமே, அந்த ரகம். வீட்டிலேயே கடைசல் இயந்திரம் வைத்துத் தானே கருவிகள் செய்து பார்ப்பவர்.

அந்தக் காலத்தில் மூட்டு தேய்ந்துபோனால் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் வலியோடு இருக்க வேண்டியதுதான். ரொம்ப மோசமானால் மூட்டையே அசையாமல் ஒட்டவைத்துவிடுவார்கள். முழங்காலில் இரண்டு எலும்பு முனைகளையும் சீவி, அழுத்திப் பிடித்து ஒரே எலும்பாக வளரவைக்கும் முறையை மேம்படுத்தியவரே சார்ன்லிதான். 1948-ல் அதைப்பற்றிக் கட்டுரை எழுதினார். வலி போய்விடும். ஆனால் அப்புறம் ஜென்மத்துக்கும் கால் மடங்காது. பஸ்ஸில் உட்காரும்போது நீட்டிய கால் நீட்டியபடியே இருக்கும்.

செயற்கை மூட்டு என்ற யோசனை புதிதல்ல. பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் க்ளுக் என்பவர் 1890-லேயே யானைத் தந்தத்தில் முழங்கால் மூட்டு செய்து பொருத்திப் பார்த்தார். காசநோய் அரித்த மூட்டுகளில் வைத்ததால் சீழ் பிடித்துத் தோற்றது. 1938-ல் லண்டனில் ஃபிலிப் வைல்ஸ் எஃகில் (நம் எவர்சில்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) இடுப்பு மூட்டு செய்தார். போருக்குப் பின் பாரிஸில் ஜூடே சகோதரர்கள் தொடை எலும்பின் தலையை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் பிளாஸ்டிக் பந்தைப் பொருத்தினார்கள். கொஞ்ச காலம் இதற்கு நல்ல மவுசு இருந்தது.

அப்படி ஜூடே பந்து பொருத்திய ஒருவர்தான் சார்ன்லியின் பாதையை மாற்றினார். சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் சாயும்போதெல்லாம் இடுப்பிலிருந்து எண்ணெய் போடாத கதவு மாதிரி கிறீச் என்று சத்தம் வருமாம். மனைவியால் சகிக்க முடியாமல் ஏதாவது சாக்கு சொல்லி எழுந்து போய்விடுவாராம். கேட்டால் சிரிப்பு வரும். சார்ன்லிக்கு வந்தது கேள்வி. சத்தம் வருகிறது என்றால் உராய்வு இருக்கிறது. உராய்வு இருந்தால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அந்தப் பந்து எலும்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கப்படும். மற்ற டாக்டர்கள் மூட்டின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் அதன் வழுக்கலைப் பார்க்க ஆரம்பித்தார். அறுவையில் அப்போதுதான் அகற்றப்பட்ட ஒரு காலின் முழங்கால் மூட்டை எடுத்து உராய்வை அளந்தார். ஐஸ் மேல் ஐஸ் சறுக்குவதைவிட நம் குருத்தெலும்பு வழவழப்பானது என்று தெரிந்தது.

அவ்வளவு வழவழப்பான பொருளுக்கு எங்கே போவது? அன்றைக்குத் தெரிந்த திடப்பொருள்களில் உராய்வு மிகக் குறைந்தது டெஃப்லான். ரசாயனத்துக்கெல்லாம் அசையாது, உடம்பும் அதை எதிர்க்காது என்று சொன்னார்கள். சார்ன்லி முதலில் குருத்தெலும்புக்குப் பதிலாக மெல்லிய டெஃப்லான் ஓடுகளை வைத்துப் பார்த்தார். சரிவரவில்லை. பிறகு எஃகுப் பந்து, டெஃப்லான் கிண்ணம் என்று மாறினார். பந்து சிறியதாக இருந்தால் உராய்வின் முறுக்கு விசை குறையும், கிண்ணத்தைத் தடிமனாகவும் செய்யலாம் என்று கணக்குப் போட்டு, பந்தை 22 மில்லிமீட்டர் சுற்றளவில் அல்ல, விட்டத்தில், அதாவது ஒரு கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாகச் சுருக்கினார். அதுவரை எல்லோரும் இயற்கையான தலையின் அளவிலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

எலும்போடு ஒட்டவைக்க என்ன வழி? மான்செஸ்டர் பல் மருத்துவக் கல்லூரியில் இருந்த டென்னிஸ் ஸ்மித் கை கொடுத்தார். பொய்ப்பல் கட்டுகிற அதே அக்ரிலிக்! குழைத்து எலும்புக்குள் அழுத்தினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். பசை போல ஒட்டாது, சுவரில் ஆணிக்குச் சுற்றிப் பூசும் சிமென்ட் போல இடைவெளியை நிரப்பி இறுக்கும். 1958-லிருந்து இதைப் பயன்படுத்தினார்.

இடம்கூட வித்தியாசமாகக் கிடைத்தது. விகன் பக்கத்தில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனை 1933-ல் காசநோய்க்காகத் திறந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரி மருந்துகள் வந்ததும் படுக்கைகள் காலியாகத் தொடங்கின. மான்செஸ்டரின் பெரிய மருத்துவமனை வாழ்க்கையை விட்டுவிட்டு சார்ன்லி இந்தக் கிராமத்து மருத்துவமனையில் வந்து உட்கார்ந்தார். ஒரு சோதனைக்கூடம், ஒரு பட்டறை, ஹாரி க்ரேவன் என்ற டெக்னீஷியன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

நோயாளிகள் பிரமாதமாக நடந்தார்கள். பல வருடம் கட்டையாகக் கிடந்தவர்கள் படியேறினார்கள். 1961 மே மாதம் புகழ்பெற்ற லான்செட் இதழில், புதிய அறுவை சிகிச்சை என்று அறிவித்து சார்ன்லி கட்டுரை எழுதினார்.

அதே சமயத்தில்தான் கிண்ணங்கள் தேய ஆரம்பித்தன. எஃகுப் பந்து டெஃப்லானைக் குடைந்துகொண்டு மேலே ஏறியது. தேய்ந்து விழுந்த தூளைச் சுற்றி, திறந்து பார்த்தால், பற்பசை மாதிரி ஒரு திசு சேர்ந்து எலும்பை அரித்திருந்தது. கட்டியாக இருந்தபோது உடம்பு கண்டுகொள்ளாத டெஃப்லான், தூளானதும் உடம்புக்கு எதிரியாகிவிட்டது. அவரே 300 பேரையும் திரும்ப அழைத்தார். ஒவ்வொருவரிடமும் தான் வைத்தது தவறு என்று சொல்லி, மறுபடி கிழித்து எடுக்க வேண்டிய நிலை. நடுராத்திரியில் தலையைக் கையில் பிடித்தபடி படுக்கையில் உட்கார்ந்திருப்பார் என்று அவர் மனைவி ஜில் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

தூள்தான் குற்றவாளி என்பதை நிரூபிக்க சார்ன்லி செய்த காரியம் கொஞ்சம் முரட்டுத்தனமானது. டெஃப்லான் தூளைத் தன் சொந்தத் தொடைக்குள் செலுத்திக்கொண்டார். பக்கத்திலேயே பாலிஎதிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்கின் தூளையும். மாதங்கள் கழித்து டெஃப்லான் வைத்த இடம் கைக்குத் தட்டுப்படும் கட்டியாக வீங்கியது, பாலிஎதிலீன் வைத்த இடத்தில் அப்படி எதுவும் இல்லை. 1963 டிசம்பரில் இதை லான்செட்டுக்குக் கடிதமாக எழுதினார். அவருக்கு இது முதல்முறையும் இல்லை. 1946-ல் எலும்பு ஒட்டுவதை ஆராய்வதற்காகத் தன் கால் எலும்பிலேயே துண்டு எடுக்கச் சொல்லி, அது சீழ் பிடித்து அவதிப்பட்டவர்.

தியாகம் என்று இந்தத் தொடைக் கதையைப் புகழ்ந்து எழுதுகிறார்கள். இருக்கட்டும். ஆனால் அந்தத் தூள் முதலில் டாக்டரின் தொடைக்குப் போய், பிறகு 300 பேரின் இடுப்புக்குப் போயிருந்தால்? வரிசை தலைகீழாகிவிட்டது. மனிதர்கள் மீதான ஆராய்ச்சிக்கான ஹெல்சின்கி பிரகடனமே 1964-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் டாக்டரின் மனசாட்சிதான் நெறிமுறைக் குழு.

சரி, பாலிஎதிலீன் எங்கிருந்து வந்தது? 1962 மே மாதம் ஒரு விற்பனையாளர் ரைட்டிங்டனுக்கு வந்தார். லங்காஷயர் நெசவாலைகளின் தறிகளில் போடும் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் விற்பவர். ஜெர்மனியில் தயாரான, மிக அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎதிலீன் துண்டைக் காட்டினார். சார்ன்லி அதில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார், பள்ளம் விழுந்தது. வேண்டாம் என்று போய்விட்டார். க்ரேவன் விடவில்லை. சார்ன்லி வெளிநாடு போயிருந்த சமயம் அந்தத் துண்டைத் தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். ராவும் பகலுமாக மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. 1962 நவம்பரில் முதல் பாலிஎதிலீன் கிண்ணம் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. க்ரேவனின் பெயர் பாடப்புத்தகங்களில் எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடினால் கஷ்டம்தான்.

இங்கே இன்னொரு சுவாரசியம். அறுவை அறையின் காற்றைச் சுத்தமாக்க சார்ன்லி கூட்டு சேர்ந்தது ஹோவொர்த் என்ற நிறுவனத்தோடு. அவர்கள் தொழில் பஞ்சாலைகளுக்குக் காற்றோட்டம் அமைப்பது! நோயாளியைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூண்டு, வடிகட்டிய காற்று, டாக்டர்களுக்கு விண்வெளி வீரர் மாதிரி உடை. 1960 வாக்கில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் வந்துகொண்டிருந்த சீழ்த்தொற்று, பத்து வருடத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

டெஃப்லானில் சூடுபட்ட சார்ன்லி இந்த முறை அவசரப்படவில்லை. வணிகம் படிக்கிற எவருக்கும் அடுத்த செய்தி ஆச்சரியமாக இருக்கும். மூட்டைத் தயாரித்த லீட்ஸ் நகரத்து தாக்ரே நிறுவனம், சார்ன்லி சொன்னதால், ரைட்டிங்டனுக்கு வந்து பயிற்சி எடுத்த டாக்டர்களைத் தவிர யாருக்கும் அதை விற்காமல் வருடக்கணக்கில் வைத்திருந்தது. வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது, சரக்கு கையில் இருக்கிறது, விற்கமாட்டேன் என்கிறார்கள்! நோயாளிகளை மறுபடி மறுபடி வரவழைத்து எக்ஸ்ரே எடுத்து, கிண்ணம் எவ்வளவு தேய்ந்தது என்று அளந்தார். இறந்தபிறகு அந்த மூட்டைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கிறீர்களா என்று அவர்களிடமே கேட்டார். பலர் சம்மதித்தார்கள். 1974-ல் லாஸ்கர் விருது, 1977-ல் சர் பட்டம். 1982-ல் காலமானார்.

முழங்காலுக்கும் வழி ரைட்டிங்டனிலிருந்தே திறந்தது. அங்கே வந்திருந்த கனடா டாக்டர் ஃபிராங்க் கன்ஸ்டன், கதவுக் கீல் மாதிரி இருந்த பழைய முழங்கால்களை விட்டுவிட்டு, எஃகு, பாலிஎதிலீன், சிமென்ட் என்ற சார்ன்லியின் அதே கூட்டணியில் 1968-ல் புதிய முழங்காலை உருவாக்கினார். 1974-ல் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழு அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. அந்தக் குழுவில் இருந்த சித்தரஞ்சன் ரணாவத் இந்தியாவில் பிறந்தவர். பிரதமர் வாஜ்பாயின் இரண்டு முழங்கால்களையும் 2000-லும் 2001-லும் மும்பையில் மாற்றியவர் அவர்தான்.

பாலிஎதிலீனும் தேயாத பொருள் இல்லை. அதன் நுண்தூளும் பல வருடம் கழித்து எலும்பை அரிக்கும். அதனால் பிளாஸ்டிக்கே வேண்டாம், உலோகப் பந்துக்கு உலோகக் கிண்ணம் போதும் என்ற பழைய யோசனை திரும்ப வந்தது. 2003-லிருந்து விற்கப்பட்ட ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டு அந்த வகை. விற்ற நிறுவனம் டிபியூ. 1990-ல் தாக்ரேயை வாங்கியதும் இதே டிபியூதான். 1998-ல் டிபியூவை ஜான்சன் அண்ட் ஜான்சன் வாங்கியது. மறுபடியும் தூள்தான் வில்லன், இந்த முறை கோபால்ட், குரோமியம். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மாற்று மூட்டையும் பதிவு செய்யும் தேசியப் பதிவேடு இருந்ததால் 2007-லேயே அங்கே சந்தேகம் எழுந்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் ஏறத்தாழ 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது.

இந்தியாவில் சுமார் 4,700. மத்திய அரசு 2017-ல் நிபுணர் குழு அமைத்தது, 2018-ல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை நஷ்டஈடு என்று விதிமுறையும் வந்தது. ஆனால் நஷ்டஈடு வாங்க ஆள் வேண்டுமே? அந்த 4,700-ல் 3,600-க்கு மேற்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது குழுவின் அறிக்கை. கம்ப்யூட்டர் இல்லாத 1962-ல், ஒரு கிராமத்து மருத்துவமனையிலிருந்து சார்ன்லி தன் 300 பேரையும் தேடிப்பிடித்துத் திரும்ப அழைத்திருந்தார்.