ஜெமினியில் எடுத்த படம், கடல் தாண்டி வந்த தட்டு

1985-ல் மேற்கு மாம்பலத்தில் ஒரு கேசட் கடை போட்டேன். பதினைந்து வருடம் நடத்தினேன். சனிக்கிழமை சாயங்காலம் டெக்கையும் கலர் டி.வி.யையும் ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்புவோம். காதுகுத்து, கல்யாண வீடு என்றால் விடிய விடிய நாலு படம் ஓடும். புதுப்படத்துக்கு அடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்துக்குப் பின்னால் வயதானவர் யாராவது ஒதுங்கி நின்று, "சந்திரலேகா இருக்கா தம்பி?" என்பார். எடுத்துக் கொடுப்பேன். கொடுக்கும்போதே மனசு உறுத்தும்.

அந்த கேசட்டில் இருந்தது என்ன? ஊர் ஊராக ஓடித் தேய்ந்த ஒரு பிரிண்ட். அதை வீடியோவுக்கு மாற்றி, அதிலிருந்து ஒரு காப்பி, காப்பியிலிருந்து இன்னொரு காப்பி என்று நாலைந்து கை மாறித்தான் என் கடைக்கு வரும். புரொஜெக்டரில் அதிகம் அடிபடுவது ரீலின் தொடக்கமும் முடிவும். அந்த இடங்களில் வசனம் பாதியில் அறுந்து, ஆள் வாசலிலிருந்து ஊஞ்சலுக்குத் தாவியிருப்பார். மழைக்காலத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஹெட்டைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க வருகிறவர் "டிராக்கிங் சரியில்லை" என்பார். டிராக்கிங்கில் குறை இல்லை. படமே அப்படி.

அப்புறம் விசிடி வந்தது. 2007-ல் 28 ரூபாய்க்குப் பழைய படம் கிடைத்தது. விலைதான் இறங்கியது. விசிடியில் மொத்தமே 352-க்கு 288 புள்ளிகள். அதற்குள் ஏற்றியதும் பெரும்பாலும் அதே தேய்ந்த பிரிண்ட்தான். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் இப்படித்தான் சாம்பல் பூத்திருக்கும் என்று இரண்டு தலைமுறை நம்பிவிட்டது. இதை நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன்.

எனக்கு அந்த நம்பிக்கையை உடைத்தது 'கல்பனா'.

நடனக் கலைஞர் உதய் சங்கர் அல்மோராவில் நடத்திவந்த கலை மையம் 1944-ல் மூடப்பட்டது. மனிதர் நடனத்தை விடவில்லை. சென்னைக்கு வந்து எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் இந்தப் படத்தை எடுத்தார். ஒளிப்பதிவு நம்முடைய கே.ராம்நாத். கதாநாயகி உதய் சங்கரின் மனைவி அமலா. பத்மினி முதன்முதலில் திரையில் ஆடிய படமும் இதுதான். தன் கனவை ஒரு சினிமாக் கதையாக எழுதிக்கொண்டு கலைஞன் ஒருவன் தயாரிப்பாளரிடம் போகிறான். அவன் சொல்லும் கதைதான் நாம் பார்க்கும் படம். முடிவில் தயாரிப்பாளர் அதை வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார். 1948-ல் வெளிவந்தபோது உண்மையிலும் அதுதான் நடந்தது, படம் ஓடவில்லை. அதே வருடம், அதே வளாகத்திலிருந்து வந்த 'சந்திரலேகா' நாட்டையே கலக்கியது. அதன் முரசு நடனத்துக்கு விதை 'கல்பனா'வில் கிடைத்தது என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் நானும் நம்புகிறேன்.

அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட். சுலபத்தில் தீப்பிடிக்கும். பின்னால் வந்த அசிடேட் அவ்வளவு சுலபத்தில் தீப்பிடிக்காது, ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் புளித்துச் சுருங்கும். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. தீக்கும் புளிப்புக்கும் தப்பிய பிரிண்டுகள் பலவற்றை வெள்ளிக்காக உருக்கினார்கள். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது. 'கல்பனா' பிழைத்தது, புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் என்று ஒன்று 1964-லிருந்து இருந்ததால். அங்கிருந்த டூப் நெகட்டிவை, அதாவது நகல் நெகட்டிவை, ஆதாரமாக வைத்து, ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் அமைப்பு இத்தாலியில் போலோன்யா நகரத்து லேபில் படத்தைப் புதுப்பித்தது. 2012-ல் கான் விழாவில் திரையிட்டார்கள். தொண்ணூறைக் கடந்த அமலா சங்கர் அங்கே போய் உட்கார்ந்து, அறுபது வருடத்துக்கு மேல் பழசான தன் நடனத்தைப் பார்த்தார்.

அது வீட்டில் பார்க்கும் தட்டாக வந்தது 2022-ல், அமெரிக்காவில், கிரைட்டீரியன் நிறுவனத்தின் ஆறு படப் பெட்டி ஒன்றில். அமலா 2020-லேயே போய்விட்டார்.

அந்தப் பெட்டியை என் தங்கை மகன் அங்கிருந்து வாங்கி வந்தான். ப்ளூ-ரேயில் உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா 'ஏ', நாம் 'சி'. இங்கே வாங்கிய பிளேயரில் அந்தத் தட்டு ஓடாது. எல்லா நாட்டுத் தட்டும் ஓடுகிற பிளேயர் ஒன்றைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் போட்டேன்.

இயந்திரத்தையும் தொழிலாளியையும் பற்றிய நடனம் வந்தது. உடம்புகளே சக்கரமும் பல்லும் தண்டுமாகச் சுழல்கின்றன. கறுப்பு என்றால் ஒரே கறுப்பு இல்லை. துணியின் கறுப்பு வேறு, நிழலின் கறுப்பு வேறு, முடியின் கறுப்பு வேறு. கீறல் முழுக்கப் போய்விடவில்லை, சில இடங்களில் மங்கல் உண்டு; மூல நெகட்டிவ் இல்லாதபோது அவ்வளவுதான் முடியும். ஆனால் விரல் நுனி தெரிகிறது. ராம்நாத் எங்கே விளக்கு வைத்திருப்பார் என்று யோசிக்க முடிகிறது. கடையில் நான் வாடகைக்கு விட்ட ஆயிரக்கணக்கான கேசட்டில் ஒரு ஒளிப்பதிவாளரையும் இப்படிப் பார்த்ததில்லை. பார்த்து முடித்ததும் அந்தச் சந்திரலேகா பெரியவரின் நினைப்புதான் வந்தது.

புதுப்பித்தால் தமிழ் ஜனங்கள் பார்ப்பார்களா என்ற சந்தேகம் வேண்டாம். 1964-ல் பந்துலு எடுத்த 'கர்ணன்', சீர்செய்யப்பட்டு 2012 மார்ச்சில் திரும்ப வந்தபோது தியேட்டரில் பேரனும் தாத்தாவும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். 2022-ல் மத்திய அரசு சுமார் 2,200 படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. நல்ல காரியம். விழாவில் ஒருநாள் ஓட்டிவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், நாலு பேர் வாங்கக்கூடிய விலையில் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சென்னையில் எடுத்த படத்தைச் சென்னைக்காரன் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துப் பார்க்கிற நிலை மாற வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பழைய தயாரிப்பாளர், விநியோகஸ்தர், டூரிங் டாக்கீஸ்காரர் குடும்பத்து ஆட்கள் இருக்கலாம். பரணில் தகர டப்பாக்கள் கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் பிலிம் சாக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. புனே காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.