அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் எந்த ஊர்? ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையத்தை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

குற்றாலம் போகும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்துவோம். ஆண்டாளைச் சேவித்துவிட்டு, அரை கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவோம். நம்மில் பலருக்கு இந்த ஊர் அவ்வளவுதான். ஆனால், இதையும் பக்கத்தில் சுமார் 12 கி.மீ. தூரத்தில் இருக்கும் ராஜபாளையத்தையும் சரியாகப் பார்க்க ஒரு நாள் முழுசா வேணும்.

எப்படிப் போவது?

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 கி.மீ. திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை இரண்டு ஊர்கள் வழியாகவும் போகிறது. சென்னையிலிருந்து வருபவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் இறங்கிடலாம்.

முதலில் கோயில், ஏன்?

மதியம் நடை சாத்தினால், மறுபடி மாலையில்தான் திறப்பார்கள். அதனால் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுங்கள்.

11 நிலை, சுமார் 192 அடி உயர ராஜகோபுரத்தை ஆண்டாள் சன்னதி கோபுரம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது வடபத்ரசாயி கோயிலின் கோபுரம். பெருமாள் இங்கே சயனக் கோலத்தில் இருக்கிறார், படியேறித்தான் போகணும். ஆண்டாள் சன்னதி பக்கத்திலேயே தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், துளசிச் செடியின் கீழ் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நந்தவனம். அவசரத்தில் வருபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியையும் கவனிங்க. பச்சை இலைகளைக் கொண்டு தினமும் புதிதாகச் செய்யப்படுவது அது. அலகுக்கு மாதுளம் பூ.

முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரமா?

தமிழ்நாடு அரசு முத்திரையை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ். அதில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலக் கோபுரம் என்ற வாதமும் உண்டு. போனில் முத்திரையை வைத்துக்கொண்டு கோபுரத்தின் முன் நின்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். மற்ற ஊர்க் கோபுரங்களைப் போல இதில் சுதைச் சிற்பங்கள் நெருக்கமாக இருக்காது.

இந்த முத்திரை 1949-ல் வந்தது. அதே ஆண்டு சென்னை மாகாணத்தின் முதல்வரானவர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா.

மதியம் என்ன செய்யலாம்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே திருமலை நாயக்கர் அரண்மனை ஒன்று இருக்கிறது. மதுரை மகாலைவிடச் சின்னது, ஒரு காலத்தில் கோர்ட்டாக இயங்கியது. அதைப் பார்த்துவிட்டு ராஜபாளையம் கிளம்பலாம். அங்கே குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே கொடுத்து உருவாக்கிய காந்தி கலைமன்றம் இருக்கிறது.

மலைப்பக்கம் போகலாமா?

ஊருக்கு மேற்கே தெரிவது மேற்குத் தொடர்ச்சி மலை. சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக இருந்த இந்தக் காடு, 2021-ல் மேகமலையோடு சேர்த்து நாட்டின் 51-வது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதனால் செண்பகத்தோப்பு, ராஜபாளையம் அய்யனார் கோயில் பகுதிகளுக்குப் போகும் முன் வனத்துறை அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் திடீர்னு வெள்ளம் வரும். மேகம் கட்டியிருந்தால் ஆற்றைக் கடக்கவே வேண்டாம்.

பால்கோவா எப்போது வாங்கணும்?

கடைசியில்தான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் பாலும் சர்க்கரையும்தான். நாள்கணக்கில் தாங்காது. காலையில் வாங்கி வெயிலில் காரில் வைத்தால் வீட்டுக்குப் போவதற்குள் கெட்டுவிடலாம்.

எப்போது போகக்கூடாது?

ஆடிப்பூரத் தேரோட்டத்தைப் பார்க்கணும் என்றால் அன்றைக்கே போங்க, கூட்டத்துக்குத் தயாராக. கோயிலை நிதானமாகச் சுற்றிப் பார்க்கணும் என்றால் ஆடிப்பூரமும் மார்கழியும் வேண்டாம். சாதாரண வார நாள் ஒன்றில் கிளம்புங்க.